பித்தளையும் துத்தநாகமும்: ஷேவிங் செட்டின் கதை

ஷேவிங் செட் வாங்கப் போகிறவருக்கு வரலாறு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். எதற்கு என்று சொல்கிறேன். எங்கள் கூட்டத்தில் ஒருவர் இதயத்தில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர். இரத்தம் உறையாமலிருக்க தினமும் மாத்திரை சாப்பிடுகிறார். முகத்தில் சின்னக் கீறல் விழுந்தாலும் பஞ்சை வைத்து வெகுநேரம் அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறது. அவருடைய ரேஸரை வாங்கிப் பார்த்தேன். பளபளப்பான முலாம் அங்கங்கே கொப்புளம் போட்டு, உரிந்து, உள்ளே சாம்பல் நிறத்தில் குழி குழியாக அரித்திருந்தது. பிளேடு உட்காரும் இடமே சமமாக இல்லை. பிளேடு ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றால் கன்னம் கிழியாமல் என்ன செய்யும்? இத்தனைக்கும் அது வாங்கி 3 வருடம்தான் ஆகிறதாம்.

என் சித்தப்பா வைத்திருந்த ரேஸரோ அரை நூற்றாண்டைத் தாண்டியது. அவர் காரைக்காலிலிருந்து பிரெஞ்சுப் படைக்குப் போன 'சொல்தா'. சைகோனில் இருந்துவிட்டு 1954இல் ஊர் திரும்பியபோது பெட்டியில் கொண்டுவந்த சாமான்களில் அதுவும் ஒன்று. முலாம் தேய்ந்து உள்ளேயிருந்த மஞ்சள் தெரியும். இடுக்கில் கொஞ்சம் பச்சைக் களிம்பு இருக்கும். அவ்வளவுதான். கடைசி வரை பிளேடு நேராக உட்கார்ந்தது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று தேடிப் படித்ததில் தெரிந்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நம் ஊர்ப் பழக்கம். நான் சிறுவனாக இருந்தபோது, பெரியவர்களில் பலர் தன் கையால் தனக்குச் சவரம் செய்துகொள்வதை நல்லதென்று நினைக்கவில்லை. நாவிதர் அடைப்பத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வருவார். திண்ணை ஓரத்திலோ கொல்லைப்புறத்திலோ பலகை போட்டு உட்கார வேண்டும். சிறு பித்தளைக் கிண்ணத்தில் தண்ணீர், சாணைக்கல், தோல் வார், சவரக்கத்தி, கடைசியில் தடவப் படிகாரம். செவ்வாய், வெள்ளி, அமாவாசை என்றால் கிடையாது. கூலி பெரும்பாலும் காசாக அல்ல, அறுவடைக்குப் பிறகு களத்து மேட்டில் நெல்லாக அளப்பார்கள். அந்தக் கத்தி துருப்பிடிக்கும் இரும்புதான். ஆனால் அது துருப்பிடித்து நான் பார்த்ததில்லை. காரணம், அதை வைத்திருந்தவருக்கு அதுதான் பிழைப்பு. துடைப்பார், எண்ணெய் தடவுவார், தோலில் தீட்டுவார். கத்தியின் ஆயுள் உலோகத்தில் பாதி, பராமரிக்கும் கையில் பாதி.

தானே சவரம் செய்துகொள்ளும் பழக்கத்துக்கு வழி போட்டவர்களில் முதன்மையானவர் ஒரு பிரெஞ்சுக்காரர். பாரிஸில் கத்தி செய்து விற்ற ழான்-ழாக் பெர்ரே. நான் படித்தது பிரெஞ்சு வழிப் பள்ளியில் என்பதால் இவருடைய புத்தகத் தலைப்பைப் பார்த்ததும் ஒரு சந்தோஷம். 1769இல் வெளிவந்த அதன் பெயர் 'லா பொகொனொதொமி', அதாவது தானே சவரம் செய்துகொள்ளக் கற்கும் கலை. தச்சர் இழைப்புளியில் உளி கொஞ்சம்தான் வெளியே தெரியும், அதனால்தான் அது மரத்தை ஆழமாகக் கடிக்காமல் சீவுகிறது. அதே போல் சவரக்கத்தியைச் சுற்றி மரத்தால் ஒரு காப்பு அமைத்து, விளிம்பு மட்டும் வெளியே தெரியும்படி செய்தார் அவர். அதே புத்தகத்தில் எந்தச் சாணைக்கல் நல்லது, தீட்டும் தோலை எப்படிப் பதப்படுத்துவது என்றெல்லாம் விளக்கமாக எழுதியிருக்கிறார். வாங்குகிறவன் ஏமாறக் கூடாது என்ற கவலை 250 வருடங்களுக்கு முன்பே இருந்திருக்கிறது.

அடுத்த செய்தி நமக்கு இன்னும் நெருக்கமானது. தென்னிந்தியாவில் மண் மூசையில் உருக்கி எடுத்த எஃகுக்கு ஐரோப்பாவில் 'வூட்ஸ்' என்று பெயர். நம் பக்கத்து 'உருக்கு' என்ற சொல்லே அங்கே போய் இப்படித் திரிந்தது என்று கருதுகிறவர்கள் உண்டு. கொங்கு நாட்டுக் கொடுமணலில் அகழாய்வு செய்தபோது உலோகம் உருக்கிய உலைகளும் மூசைகளும் கிடைத்திருக்கின்றன. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்த எஃகுக் கட்டிகள் லண்டனுக்குப் போய்ச் சேர்ந்தன. 1795இல் ஜார்ஜ் பியர்சன் என்பவர் அதை ஆராய்ந்து ராயல் சொசைட்டியில் கட்டுரை படித்தார். அறுவைக் கருவிகள் செய்து விற்ற ஜேம்ஸ் ஸ்டோடார்ட் அதை உயர்ந்த எஃகு என்று சொல்லிப் பயன்படுத்தினார். அந்த ஸ்டோடார்ட்டும், மின்சாரத்துக்காக நாம் பள்ளியில் படித்த மைக்கேல் ஃபாரடேயும் சேர்ந்து, நம் எஃகைப் போல் செய்து பார்க்க வேண்டும் என்று 1820 வாக்கில் எஃகுடன் பல உலோகங்களைக் கலந்து சோதனை செய்தார்கள். அந்தக் கலவைகளில் நல்லதாக வந்த ஒன்றில் சவரக்கத்திகள் செய்து ஃபாரடே நண்பர்களுக்கு அன்பளிப்பாகக் கொடுத்து வந்தாராம்.

அவர்கள் சோதனையைத் தொடர்ந்து பிரான்ஸில் பியேர் பெர்த்தியே என்ற சுரங்கப் பொறியாளர் 1821இல் இரும்பில் குரோமியத்தைக் கலந்து பார்த்தார். அந்தக் கலவையை அமிலம் எளிதில் அரிக்கவில்லை. கத்தி செய்ய இது உதவும் என்று அப்போதே சொல்லிவிட்டார். ஆனால் கரி அதிகமாக இருந்ததால் அவர் செய்த கலவை எளிதில் நொறுங்கியது. பிறகு 90 வருடங்களுக்கு மேல் ஆயிற்று. 1913இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி துப்பாக்கிக் குழாய் தேய்மானத்துக்கு மருந்து தேடியபோது, சுமார் 13 சதவீதம் குரோமியம் கலந்த எஃகு கறைபடாததைக் கண்டார். அதுவே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், நாம் எவர்சில்வர் என்று சொல்வது. எங்களுக்கு வகுப்பில் கற்பித்த சொல் 'இனொக்ஸிதாப்ள்'. ஆக்சிஜன் பற்றாதது என்று பொருள். உண்மையில் ஆக்சிஜன் பற்றத்தான் செய்கிறது. குரோமியத்தோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாகி, உள்ளே இருப்பதை அது காக்கிறது. கீறினாலும் படலம் தானே மறுபடி உண்டாகிவிடும். முலாமுக்கு இல்லாத குணம் இது.

இதற்கிடையில் அமெரிக்காவில் ரேஸர் பிறந்துவிட்டது. 1880இல் நியூயார்க்கில் காம்ஃபே சகோதரர்கள் 'ஸ்டார்' என்ற காப்பு ரேஸரைக் கொண்டுவந்தார்கள். அதன் கத்தியைத் தீட்டித்தான் ஆக வேண்டும். கிங் கேம்ப் ஜில்லெட் என்ற விற்பனைப் பிரதிநிதிக்கு 1895இல் வேறு யோசனை வந்தது. தீட்டவே வேண்டாம், மெல்லிய தகட்டில் இரண்டு பக்கமும் கூராக்கி, மழுங்கினால் தூக்கிப் போட்டுவிடலாம் என்றார். அவ்வளவு மெல்லிய எஃகைக் கடினமாக்க முடியாது என்று விஷயம் தெரிந்தவர்கள் சொன்னார்கள். வில்லியம் நிக்கர்சன் என்ற பொறியாளர்தான் வழி கண்டுபிடித்தார். 1903இல் விற்றது 51 ரேஸர், 168 பிளேடு. 1904 நவம்பர் 15இல் காப்புரிமை கிடைத்தது. முதல் உலகப் போரில் அமெரிக்க அரசு படைவீரர்களுக்காக 35 லட்சம் ரேஸரும் 3 கோடிக்கும் மேற்பட்ட பிளேடும் வாங்கியது. போர்முனையில் பழகிய கை வீட்டிலும் அதையே கேட்டது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. ஜில்லெட் தூக்கிப் போடச் சொன்னது பிளேடை. ரேஸரை அல்ல. ரேஸர் ஆயுளுக்கும் இருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. அதனால் அதைப் பித்தளையில் செய்து மேலே வெள்ளி, நிக்கல், பணக்காரர்களுக்குத் தங்கம் என்று முலாம் பூசினார்கள். இரண்டாம் உலகப் போரில் பித்தளை தோட்டாக்களுக்குப் போனபோது பிளாஸ்டிக் கைப்பிடிகள் வந்தன. போர் முடிந்ததும் பித்தளை திரும்பி வந்தது. சித்தப்பாவின் ரேஸர் அந்த வகை. பெட்டியில் இருந்த காகிதத்தில் 'லெத்தோன் நிக்கெலே', நிக்கல் பூசிய பித்தளை, என்று போட்டிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தது நினைவிருக்கிறது.

நம் நாட்டில் சுதந்திரத்துக்குப் பிறகு வெளிநாட்டுச் சாமான்களுக்குக் கட்டுப்பாடு. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்காலுக்கும் நமக்கும் இடையே 1949இல் சுங்க உடன்பாடு முறிந்து சாவடி வந்தது. அங்கே கிடைத்த பொருள் இங்கே கிடைக்காது. சட்டைப் பையில் பிளேடு பாக்கெட் வைத்துக்கொண்டு சாவடியைத் தாண்டிய கதைகளைப் பெரியவர்கள் சிரித்துச் சிரித்துச் சொல்வார்கள். பிறகு பாரத், பனாமா, டோபாஸ், அசோக், எராஸ்மிக் என்று நம் நாட்டு பிளேடுகள் கடையை நிரப்பின.

அந்தக் காலத்துச் சாதாரண பிளேடு கரி எஃகு. ஈரத்தோடு விட்டால் மறுநாள் காலை ஓரத்தில் செம்மண் நிறம். அதனால் துடைத்து, தேங்காயெண்ணெய் ஒரு சொட்டு தடவி, வந்த காகிதத்திலேயே மடித்து வைப்போம். மழுங்கினால் கண்ணாடி டம்ளரின் உட்புறத்தில் வைத்து விரலால் அழுத்தி இப்படியும் அப்படியும் தேய்ப்போம். இன்னும் இரண்டு சவரம் வரும். அதற்குப் பிறகு பென்சில் சீவ, தையல் பிரிக்க. 1960களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் வில்கின்சன் ஸ்வோர்டு நிறுவனம் விளிம்பில் மெல்லிய பூச்சு கொடுத்த ஸ்டெயின்லெஸ் பிளேடை விற்கத் தொடங்கியது. அது நாள்பட உழைத்ததால் ஜில்லெட்டும் 1963இல் அதே வழிக்கு வர வேண்டியதாயிற்று. சில வருடங்களில் நம் ஊருக்கும் வந்தது. பிளேடின் துரு அத்தோடு ஒழிந்தது என்று சொல்லலாம்.

இன்னொரு மாற்றம் 1986க்குப் பிறகு. அந்த வருடம்தான் சென்னையில் எச்.ஐ.வி. தொற்று இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அடுத்த சில வருடங்களில் சலூன்களில் பழைய சவரக்கத்தி மறைந்து, ஆளுக்கு ஒரு புதுப் பாதி பிளேடு மாட்டும் கத்தி வந்தது. கண்ணெதிரே பிளேடை உடைத்து மாட்டச் சொல்லிக் கேட்கும் பழக்கம் அப்போது வந்ததுதான்.

ஆக பிளேடு நல்லதாகிக்கொண்டே வந்தது. ரேஸர்தான் கெட்டுப் போயிற்று. 1975இல் பிரான்ஸின் பிக் நிறுவனம் ரேஸரையே தூக்கிப் போடும் பிளாஸ்டிக் சாமான் ஆக்கியது. இங்கே 2010இல் 15 ரூபாய்க்கு ஜில்லெட் கார்டு வந்தது. ரேஸர் ஆயுளுக்கும் இருக்க வேண்டும் என்ற கணக்கே அழிந்துபோனது. இப்போது பழைய மாதிரி உலோக ரேஸர்கள் மறுபடி கடைக்கு வருகின்றன. ஆனால் அவற்றில் பல உள்ளே பித்தளை அல்ல. 'ஜமாக்' என்ற துத்தநாகக் கலவை. 1920களின் கடைசியில் அமெரிக்காவில் நியூ ஜெர்சி ஸிங்க் நிறுவனம் உருவாக்கியது. துத்தநாகத்துடன் சுமார் 4 சதவீதம் அலுமினியமும், சிறிதளவு மெக்னீசியமும் தாமிரமும் சேர்ந்தது. குறைந்த சூட்டில் உருகும், அச்சில் ஊற்றினால் அப்படியே உருவாகிவிடும், கடைசல் கூலி மிச்சம். கதவுப் பிடிக்கும் பொம்மைக் காருக்கும் நல்ல உலோகம். தினமும் தண்ணீரும் சோப்பும் படுகிற ரேஸருக்கு?

இங்கேதான் விஷயம் இருக்கிறது. கூரைத் தகரத்தில் இரும்பின் மேல் துத்தநாகம் பூசுகிறார்கள். கீறல் விழுந்தால் துத்தநாகம் முதலில் தன்னைக் கொடுத்து இரும்பைக் காக்கும். ரேஸரில் இது தலைகீழ். உள்ளே துத்தநாகம், மேலே நிக்கலும் குரோமியமும். முலாமில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தாலும் ஈரத்தில் பலியாவது உள்ளே இருக்கும் துத்தநாகம்தான். மேலே பளபளப்பு அப்படியே இருக்க உள்ளே அரித்துக்கொண்டே போகும். கொப்புளம் வருவது இதனால்தான். பித்தளையில் முலாம் போனால் கறுக்கும், களிம்பு பிடிக்கும், புளி போட்டுத் தேய்த்தால் போய்விடும். உருவம் கெடாது. நாச்சியார்கோயில் குத்துவிளக்கு தலைமுறை தலைமுறையாக நிற்பதைப் பார்த்த நமக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் போய்விட்டால் மறுபடி பூசிக்கொண்டோமே தவிர, பாத்திரத்தைத் தூக்கியா போட்டோம்?

நம் பக்கத்துக்கு உப்பும் ஒரு எதிரி. மாயவரத்திலிருந்து பூம்புகார்க் கடல் சுமார் 25 கிலோமீட்டர்தான். காரைக்கால், தரங்கம்பாடிக்காரர்களுக்குக் கடல் வாசலிலேயே இருக்கிறது. உப்பில் உள்ள குளோரைடு பல உலோகங்களின் படலத்தைக் குத்தித் துளைக்கும். காரைக்காலில் நான் எழுத்தராக இருந்த அலுவலகத்தில் கோப்பில் குத்திய குண்டூசி இரண்டு மழைக்காலம் தாங்காது. காகிதத்தில் துருவின் படம் மட்டும் நிற்கும். அதனால்தான் நூல் கட்டுவதையே நாங்கள் விரும்பினோம். வீட்டில் ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பாக இருந்தால் ரேஸருக்கும் அதே கதிதான்.

இனி வாங்கும்போது பார்க்க வேண்டியவை. காந்தம் வைத்துப் பார்ப்பது பயன்படாது. பித்தளையும் ஒட்டாது, ஜமாக்கும் ஒட்டாது, நல்ல ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் பல வகை ஒட்டாது. 'முழு உலோகம்', 'கனமானது' என்ற சொற்களில் ஒன்றும் இல்லை. தலை எந்த உலோகம், கைப்பிடி எந்த உலோகம் என்று தனித்தனியாகக் கேளுங்கள். கைப்பிடி பித்தளையாகவும் தலை ஜமாக்காகவும் வருவது சகஜம். அரிப்பு வருவது பெரும்பாலும் தலையில்தான். தலையில் உள்ள திருகாணியைப் பாருங்கள். அதுவும் ஜமாக்கிலேயே வார்த்திருந்தால் ஒரு நாள் மரையோடு முறியும். என் மருமகன் ஆசையாக வாங்கித் தந்த ஒன்று இரண்டே வருடத்தில் அப்படித்தான் முறிந்தது. நல்ல வேளை, கையில் பிடித்திருந்தபோது அல்ல, கழுவும்போது.

வாங்கிய பிறகு சந்தேகம் தீர வேண்டுமானால் ஆர்க்கிமிடீஸ் வழி இருக்கிறது. சிறிய மின் தராசு போதும், பட்டமங்கலத் தெருவில் தெரிந்த நகைக்கடைக்காரர் இருந்தால் இன்னும் நல்லது. ரேஸரின் மேல் மூடியை மட்டும் நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு டம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்து, தராசைப் பூஜ்யமாக்குங்கள். மூடியை நூலில் கட்டி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் தண்ணீருக்குள் முழுக்கத் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண்ணால் முதல் எடையை வகுங்கள். 8.5 வாக்கில் வந்தால் பித்தளை. 8க்குச் சற்றுக் குறைந்தால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். 6.6 வாக்கில் வந்தால் ஜமாக். 2.7 என்றால் அலுமினியம். உள்ளே குழாயாக இருக்கும் கைப்பிடிக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது.

ஜமாக் ரேஸர்தான் கையில் இருக்கிறது என்றால் பயந்து தூக்கிப் போட வேண்டியதில்லை. முலாம் முழுசாக இருக்கும் வரை அது உழைக்கும். வேலை முடிந்ததும் கழற்றி, நல்ல தண்ணீரில் அலசி, துணியால் ஒற்றி, காற்றாட வையுங்கள். பிளேடை மாட்டியபடி ஈரத்தோடு விடாதீர்கள். புளி, எலுமிச்சை, வினிகர், சாம்பல், கம்பி நார் எதுவும் வேண்டாம். கீழே போடாதீர்கள். கொப்புளம் கண்டால், அதிலும் பிளேடு உட்காரும் இடத்தில் கண்டால், மாற்றிவிடுங்கள். துருவே தனுர்வாதம் உண்டாக்கும் என்று பலர் நினைக்கிறோம். அது துருவால் வருவதல்ல, மண்ணிலும் சாணத்திலும் இருக்கும் கிருமியால் வருவது. நம் வயதில் ரேஸரால் வரும் ஆபத்து வேறு. கோணலாக நிற்கும் பிளேடு, மெல்லிய தோல், சர்க்கரை, இரத்தம் உறையாத மாத்திரை, இவை நாலும் ஒன்றாகச் சேர்வதுதான்.

ஸ்டென்ட் வைத்த நண்பர் இப்போது பித்தளை ரேஸர் ஒன்று வாங்கியிருக்கிறார். விலை பழையதைப் போல் 3 மடங்கு. பென்ஷன்காரருக்கு அது யோசிக்க வேண்டிய பணம்தான். ஆனால் மூன்று வருடத்துக்கு ஒன்று என்று வாங்கிக்கொண்டிருந்தால் பத்து வருடத்தில் அதே செலவு ஆகிவிடும் என்று அவர் மகனே கணக்குப் போட்டுச் சொன்னானாம். உங்கள் வீட்டுப் பரணில் அப்பா, தாத்தா காலத்து ரேஸர் கிடந்தால் பழைய இரும்புக்காரரிடம் போடுவதற்கு முன் ஒரு முறை தேய்த்துப் பாருங்கள். உள்ளே மஞ்சள் தெரிந்தால், தலையும் மரையும் நேராக இருந்தால், ஒரு புது பிளேடு மட்டும் வாங்கினால் போதும்.